எபிசோட் 47: கார்ட்ல போட்டா துப்பாக்கி வீட்டுக்கு வருமா?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் வந்த தடுமாற்றங்களை எடுத்துவிட்டு, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம். பேச்சின் நடுவில் தற்கொலை பற்றி வருகிறது. மனசு சரியில்லாத நேரம் என்றால் பிறகு படியுங்கள்.)

போன எபிசோட்ல பாஸ்வேர்டு மேனேஜர் பத்திப் பேசினோம். இன்னைக்கு அதுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயம். துப்பாக்கி. அதுவும் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவது. ஆன்லைனில் வாங்குவதற்கும், பக்கத்துக் கடையில் போய் வாங்குவதற்கும் என்ன வித்தியாசம்?

"இது நமக்கெதுக்கு ப்ரோ?"ன்னு கேப்பீங்க. நம்ம கேட்கிறவங்கள்ல நிறைய பேர் மாஸ்டர்ஸ் படிக்கவோ ஆன்சைட்டுக்கோ அங்கே போகிறவர்கள். போன ஆறு மாசத்தில் மூணு பேர் இதே கேள்வியை மெயிலில் கேட்டிருந்தார்கள். இன்னொரு காரணமும் இருக்கு. என் ரூம்மேட். அவன்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் இதைப் பேசுறேன். பேர் மட்டும் சொல்ல மாட்டேன்.

நான் டல்லாஸ் பக்கத்துல இர்விங்ல ரெண்டு வருஷம் இருந்தேன். டபுள் பெட்ரூம் அபார்ட்மென்ட், ரெண்டு பேர். 2023 பிப்ரவரி. எங்க காம்ப்ளெக்ஸ்ல கீழ் வீட்டுல திருட்டு. கதவை உடைச்சு டிவி, லேப்டாப்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுக்கு அடுத்த வாரம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு ரூம்மேட் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். ஸ்க்ரீன்ல ஒரு பிஸ்டல். பக்கத்துல "கார்ட்டில் சேர்" பட்டன்.

"மச்சான், ஏர்பட்ஸ் வாங்குற மாதிரி இருக்குடா."

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஸ்டார் ரேட்டிங், ரிவ்யூ, "இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்" எல்லாம் இருந்தது. நானும் அவனும் பொழுதுக்கும் செக்அவுட் பேஜ் மாதிரி விஷயங்களை எழுதுற ஆட்கள். வாங்குறவனுக்கு எத்தனை க்ளிக் குறைக்கலாம் என்பதுதான் எங்க வேலையே. அதனால அந்தப் பேஜைப் பார்த்ததும் எனக்குத் தோணின முதல் விஷயம், "நல்லா பண்ணிருக்காங்கடா". பயம் எல்லாம் அப்புறம்தான் வந்துச்சு.

ஆர்டர் போட்டால் என்ன நடக்கும்?

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கையை எடுத்துடுவோம். அமெரிக்காவில் ஆன்லைனில் புதுத் துப்பாக்கி ஆர்டர் போட்டால், பெட்டி நேராக உங்கள் வீட்டு வாசலுக்கு வராது.

துப்பாக்கி விற்பதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் ஃபெடரல் லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்த லைசென்ஸை எல்லாரும் சுருக்கமாக எஃப்.எஃப்.எல். என்பார்கள். நீங்கள் வெப்சைட்டில் பணம் கட்டும்போது, உங்கள் ஏரியாவில் லைசென்ஸ் உள்ள ஒரு கடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். துப்பாக்கி அந்தக் கடைக்குத்தான் போகும். கடைக்காரர் போன் பண்ணுவார். நீங்கள் நேரில் போய், போட்டோ அடையாள அட்டையைக் காட்டி, ஃபார்ம் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். குற்ற வழக்கு இருக்கிறதா, குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றிருக்கிறீர்களா, போதைப் பழக்கம் உண்டா, எந்த நாட்டுக் குடிமகன், என்ன விசா என்று வரிசையாகக் கேள்விகள். பொய் சொன்னால் அதுவே ஃபெடரல் குற்றம்.

அதன்பிறகு கடைக்காரர் பேக்ரவுண்ட் செக் போடுவார். எஃப்.பி.ஐ. நடத்தும் இந்த சிஸ்டத்துக்கு 'நிக்ஸ்' என்று பெயர். 1998 நவம்பரில் ஆரம்பித்தது. சில மாநிலங்களில் மாநில அரசே செய்யும். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். பதில் மூன்று விதம்: கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது, கொஞ்சம் பொறு.

ஆக, ஆன்லைனில் நடப்பது பணம் கட்டுவது மட்டும்தான். துப்பாக்கி கைமாறுவது கவுண்டரில்தான். நம்ம பாஷையில சொன்னா ஃப்ரண்ட் எண்ட்தான் ஆன்லைன். பேக் எண்ட் அதே பழைய மரக் கவுண்டர், அதே படிவம், அதே ஆள்.

அப்போ எதுல வாங்குறது லாபம்?

இதையும் சொல்லிடுறேன், ஏன்னா மெயில்ல கேட்டது இதுதான். வெப்சைட்ல விலை குறைவாக இருக்கும், மாடலும் நிறைய. ஆனால் வாங்கிக் கொடுக்கும் உள்ளூர்க் கடைக்கு டிரான்ஸ்ஃபர் கட்டணம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் 20-லிருந்து 50 டாலர். ஷிப்பிங், டாக்ஸ் சேர்த்தால் கடை விலைக்கும் ஆன்லைன் விலைக்கும் பல நேரம் பெரிய வித்தியாசம் நிற்காது. கடையில் கையில் பிடித்துப் பார்க்கலாம். கைக்குப் பொருந்துகிறதா, ஸ்லைடை இழுக்க முடிகிறதா என்பதெல்லாம் போட்டோவில் தெரியாது. பிரச்சினை வந்தால் போய் நிற்க ஓர் இடமும் இருக்கும்.

வயது, மாநில விதிகளும் ரெண்டு வழிக்கும் ஒண்ணுதான். லைசென்ஸ் உள்ள கடையில் ஃபெடரல் சட்டப்படி கைத்துப்பாக்கிக்கு 21 வயது, ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் 18. கைத்துப்பாக்கி என்றால் உங்கள் சொந்த மாநிலக் கடை வழியாகத்தான் கையில் வாங்க முடியும். கலிஃபோர்னியா மாதிரி இடங்களில் அதற்கு மேல் பத்து நாள் காத்திருக்கணும்.

விலை விஷயம் இவ்வளவுதான். இதுக்காக ஒரு எபிசோட் போட மாட்டேன்.

இந்தக் கவுண்டர் எங்கிருந்து வந்தது?

டல்லாஸ்ல இருந்தவங்களுக்கு டீலி பிளாசா தெரியும். கென்னடி சுடப்பட்ட இடம். சுட்டவன் நின்ற கட்டடத்தின் ஆறாவது மாடி இப்போது மியூசியம். வீட்டிலிருந்து யாராவது வந்தால் கூட்டிட்டுப் போய்க் காட்டுவோம். அங்கே போனபோது எனக்கு உறைத்த விஷயம், அந்த ரைஃபிள் தபாலில் வாங்கினது என்பதுதான்.

1963-ல் லீ ஹார்வி ஆஸ்வால்ட் ஒரு துப்பாக்கிப் பத்திரிகையில் வந்த விளம்பரக் கூப்பனை வெட்டி, சிகாகோவில் இருந்த ஒரு கடைக்கு அனுப்பினான். தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ரைஃபிள், 19 டாலர் 95 சென்ட். தபால் செலவு ஒன்றரை டாலர். மொத்தம் 21 டாலர் 45 சென்ட், மணியார்டரில். பெயர் "ஏ. ஹிடெல்" என்று பொய்ப் பெயர். முகவரி டல்லாஸில் ஒரு தபால் பெட்டி. யாரும் முகத்தைப் பார்க்கவில்லை, யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. துப்பாக்கி வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்து 'ஆன்லைன்' இதுதான். கென்னடி கொலைக்குப் பிறகு ஐந்து வருஷம் இழுத்தது. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் சாதாரண ஆளுக்கு நேராகத் தபாலில் துப்பாக்கி அனுப்புவது நின்றது. லைசென்ஸ் உள்ள கடை நடுவில் இருக்க வேண்டும் என்று ஆனது. இன்றைக்கு உங்கள் ஆன்லைன் ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போவதற்குக் காரணம், இன்டர்நெட் வருவதற்கு முன்னாடியே எழுதிய அந்தச் சட்டம்தான்.

கவுண்டரில் நடந்தது

ரூம்மேட் ஆர்டர் போட்டுட்டான். கார்டு போச்சு, கன்ஃபர்மேஷன் மெயில் வந்துச்சு. அவன் எச்-1பி-ல இருக்கான் என்பதை எந்தப் பேஜும் நிறுத்திக் கேட்கலை. கண்டிஷன்ஸ் பக்கத்துல எங்கயாவது எழுதியிருப்பாங்க. அதை யார் படிக்கிறா?

ஒரு வாரத்தில் கடையிலிருந்து போன். என் கார்லதான் போனோம். ஒரு ஸ்ட்ரிப் மாலில் சலூனுக்கும் டோனட் கடைக்கும் நடுவில் சின்னக் கடை. கவுண்டரில் அறுபது வயசு தாண்டின ஒருத்தர். ரூம்மேட் டிரைவிங் லைசென்ஸைக் கொடுத்தான். டெக்சஸ்ல விசாவில் இருக்கிறவர்கள் லைசென்ஸில் "லிமிடெட் டெர்ம்"னு அச்சடிச்சிருப்பாங்க. அவர் அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழட்டிட்டு இவனைப் பார்த்தார்.

"சன், என்ன விசா?"

இவன் சொன்னான்.

"ஹன்டிங் லைசென்ஸ் இருக்கா?"

இல்லை.

அவர் படிவத்தை எடுத்துக் கவுண்டருக்குக் கீழே வச்சுட்டார். "அப்போ இதை நான் உனக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தா நானும் உள்ளே போவேன், நீயும் போவே." கோபமெல்லாம் இல்லை. மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாம மாத்திரை கேட்டா "டாக்டரைப் பாருப்பா"ன்னு சொல்ற மாதிரி சொன்னார்.

வெப்சைட்காரர்கள் பாதிப் பணத்தைக் கட்டணம் என்று பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பினார்கள். இவனுக்குக் கோபம். எனக்கும்தான். துப்பாக்கி கிடைக்கலைன்னு இல்லை, "நம்மளை மட்டும் ஏன் இப்படி"ன்னு. ரூமுக்கு வந்து உக்காந்து சட்டத்தைப் படிச்சேன். படிக்கப் படிக்க வயித்தைக் கலக்குச்சு.

விசாவில் இருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தடவை கேளுங்க.

எச்-1பி, எஃப்-1, எல்-1 என்று குடியேற்றம் அல்லாத விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர்கள், ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வாங்குவது மட்டுமில்லை. கையில் வைத்திருப்பதே குற்றம். விதிவிலக்குகள் சில உண்டு. நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது, ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. தண்டனை இப்போது 15 வருஷம் வரை. அதுக்கப்புறம் விசா கதை என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை.

"ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சும்மா சுட்டுப் பார்த்தா?" வீக்கெண்ட்ல டீமோட போவாங்க, போட்டோ போடுவாங்க, பார்த்திருப்பீங்க. ஹமீத் ரெஹைஃப் என்பவரின் வழக்கைத் தெரிஞ்சுக்கோங்க. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஃப்ளோரிடாவுக்கு மாணவர் விசாவில் படிக்க வந்தவர். மார்க் இல்லாமல் கல்லூரி அவரை நீக்கியது. விசா அந்தஸ்து போனது. அதன்பிறகு ஒரு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அவ்வளவுதான், யாரையும் சுடலை. 18 மாதச் சிறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தான் அங்கே சட்டப்படி இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் ரேஞ்சில் துப்பாக்கியைப் பிடித்தது 'வைத்திருப்பது' ஆகாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை.

"சரி, கிரீன் கார்டு இருக்கிற அண்ணன் வாங்கித் தரட்டும்" என்றால் அது அதைவிடப் பெரிய குழி. படிவத்தின் முக்கியமான கேள்வியே, "உண்மையில் வாங்குவது நீதானா?" என்பதுதான். வர்ஜீனியாவில் ஏப்ரம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர், போலீஸ் தள்ளுபடி கிடைக்குமே என்று தன் மாமாவுக்காக ஒரு பிஸ்டல் வாங்கினார். மாமாவும் சட்டப்படி துப்பாக்கி வாங்கத் தகுதி உள்ளவர்தான். அப்படியும் "நான்தான் வாங்குகிறேன்" என்று எழுதியது பொய் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அவங்களுக்கே அந்த நிலைமை.

நம்ம ஊர் சட்டத்தோட ஒப்பிட்டால் குழப்பம் எங்கேன்னு புரியும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி முதலில் லைசென்ஸ், பிறகுதான் துப்பாக்கி. எதுக்கு வேணும்னு நீங்கதான் காரணம் காட்டணும். அங்கே தலைகீழ். தடைப் பட்டியலில் இல்லாத எவரும் வாங்கலாம். அதனால நம்மாளு என்ன நினைக்கிறான்? "இங்க எல்லாரும் வாங்குறாங்க, நாமும் வாங்கலாம்." அந்தத் தடைப் பட்டியல்லயே நாம இருக்கோம்னு யாரும் சொல்றதில்லை.

பார்க்கிங் லாட்

கடைக்காரர் திருப்பி அனுப்பி ஒரு வாரம் இருக்கும். ரூம்மேட்டுக்கு ஜிம்ல பழக்கமான ஒருத்தன். "என்கிட்ட பழைய பிஸ்டல் ஒண்ணு இருக்கு. கேஷ் கொடு. சனிக்கிழமை காலையில வால்மார்ட் பார்க்கிங்ல பாக்கலாம். பேப்பர் எதுவும் வேண்டாம்."

இதைக் கேட்டா கள்ளக்கடத்தல் மாதிரி இருக்கும். ஆனால் டெக்சஸில் ரெண்டு தனி ஆட்கள், ஒரே மாநிலத்தவர், ரெண்டு பேருக்கும் தடை இல்லை என்றால், இப்படி விற்பது சட்டப்படியே சரி. துப்பாக்கி விற்பதைத் தொழிலாகச் செய்யாதவர் பேக்ரவுண்ட் செக் போட வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் சொல்வதில்லை. கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் தனி விற்பனையும் கடை வழியாகத்தான் நடக்க வேண்டும் என்கின்றன. டெக்சஸ் சொல்வதில்லை. வாங்குகிறவனுக்குத் தடை இருந்தால் குற்றம்தான். ஆனால் அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

ஆன்லைன் உண்மையிலேயே ஆபத்தாவது இங்கேதான். கடையின் வெப்சைட்டில் இல்லை, ஆளையும் ஆளையும் சேர்த்து வைக்கும் விளம்பர சைட்டில். இபே 1999-லேயே துப்பாக்கி விற்பனையை நிறுத்தியது. ஃபேஸ்புக் 2016-ல் தனியார் துப்பாக்கி விற்பனைக்குத் தடை போட்டது. ஆனால் இதற்கென்றே இருக்கும் சைட்டுகள் உண்டு.

விஸ்கான்சின் மாநிலம், 2012 அக்டோபர். மனைவியை மிரட்டியதால் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று நீதிமன்றம் நான்கு வருஷத் தடை போட்டது. கடைக்குப் போனால் பேக்ரவுண்ட் செக்கில் மாட்டியிருப்பார். அவர் ஆர்ம்ஸ்லிஸ்ட் என்ற விளம்பர சைட்டில் ஒரு தனி விற்பனையாளரைப் பிடித்தார். ஒரு பார்க்கிங் லாட்டில் கேஷ் கொடுத்து வாங்கினார். மறுநாள் மனைவி வேலை பார்த்த ஸ்பாவுக்குப் போய், அவரையும் சேர்த்து மூன்று பேரைக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். நீதிமன்ற உத்தரவு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அந்த மனைவியின் மகள் சைட் மேல் வழக்குப் போட்டார். அவர் தரப்பு வாதத்தில் ஒரு பாயின்ட், நம்மளை மாதிரி சாஃப்ட்வேர்காரங்க கவனிக்க வேண்டியது. அந்த சைட்டில் "தனி விற்பனையாளர்கள் மட்டும்" என்று தேடும் வசதி இருந்தது. லைசென்ஸ் உள்ள கடைகளைத் தவிர்க்க நினைக்கிறவனுக்கு ஒரு ஃபில்டர். யாரோ ஒரு டெவலப்பர் ஒரு மதியத்தில் எழுதி முடித்திருக்கக்கூடிய ஃபீச்சர். 2019-ல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், பிறர் போடும் விளம்பரத்துக்கு சைட் பொறுப்பாகாது என்ற 1996 சட்டத்தைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டம் அப்படி இருக்கலாம். அந்த டிக்கெட் எனக்கு வந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு இன்னும் யோசிக்கிறேன். பெரும்பாலும் எழுதிக் கொடுத்திருப்பேன். அதுதான் உறுத்துது.

கடை என்றால் எல்லாம் சரியா?

இல்லை. கவுண்டரைப் புனிதமாக்கிப் பேச விரும்பலை.

2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரத்து தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவரைக் கொன்ற டிலன் ரூஃப், துப்பாக்கியைக் கடையில்தான் வாங்கினான். பேக்ரவுண்ட் செக்கும் போட்டார்கள். "கொஞ்சம் பொறு" என்று பதில் வந்தது. அவன் மேல் இருந்த போதை வழக்கின் விவரம் சரியான இடத்திலிருந்து எஃப்.பி.ஐ.க்குக் கிடைக்கவில்லை. சட்டப்படி மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம். விற்றார். அவனுக்கு விற்றிருக்கக் கூடாது என்று எஃப்.பி.ஐ. தலைவரே பிறகு ஒத்துக்கொண்டார். ஒரு டைம்அவுட் வைத்து, டைம்அவுட் ஆனால் 'அனுமதி' என்று கோட் எழுதினால் கோட் ரிவ்யூவில் நம்மைத் திட்டுவார்கள். அங்கே சட்டமே அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

கடையில் நிரப்பிய படிவம் என்ன ஆகிறது என்பதும் வேடிக்கை. நாடு முழுக்கத் துப்பாக்கிப் பதிவேடு வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கடையை மூடுகிறவர்களின் படிவங்கள் பெட்டி பெட்டியாக மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊருக்குப் போகின்றன. ஸ்கேன் செய்கிறார்கள். ஆனால் வாங்கியவர் பெயரைப் போட்டுத் தேட முடியாது. படம் படமாகப் புரட்ட வேண்டும். நாம பக் என்று நினைப்போம். அது வேண்டுமென்றே வைத்த ஃபீச்சர்.

பாகங்களாக விற்ற கிட் இன்னொரு ஓட்டை. சீரியல் நம்பர் இல்லாத பாகங்கள் ஆன்லைனில் வரும், வீட்டில் பொருத்திக்கொள்ளலாம், கவுண்டரே கிடையாது. 2022-ல் அரசு இவற்றில் பலவற்றைத் துப்பாக்கி என்றே கணக்கில் கொண்டு, சீரியல் நம்பரும் பேக்ரவுண்ட் செக்கும் கேட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்த விதியை ஏற்றது.

இதையெல்லாம் பார்த்த பிறகு "ஆன்லைனா, கடையா" என்ற கேள்வியே தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. நடுவில் ஒரு ஆள் இருக்கிறாரா, அவருக்கு "இல்லை" என்று சொல்ல அதிகாரமும் பொறுப்பும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்த மாசம்

சனிக்கிழமைக்கு முந்தின ராத்திரி. ரூம்மேட் என்கிட்ட, "காலையில டிராப் பண்ணு மச்சான்"னு கேட்டான். நான் முடியாதுன்னுட்டேன். கிச்சன்ல நின்னு ஒரு மணி நேரம் சண்டை. நான் ஏதோ பெரிய மனுஷத்தனமா மறுத்தேன்னு நினைக்காதீங்க. என் விசா போயிடுமோன்ற பயம்தான். கார் என்னோடது, நானும் கூட இருந்தேன்னு வந்துட்டா? அதைத்தான் சொல்லிக் கத்தினேன். அவன் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். காலையில போகலை.

அவன் கதையில நான் இன்னும் சொல்லாத ஒண்ணு இருக்கு. திருட்டு நடந்த அதே வாரம் அவனை வேலையை விட்டு எடுத்திருந்தாங்க. எச்-1பி-ல வேலை போனா அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள். ஊர்ல அப்பா வீட்டு லோன் அவன் சம்பளத்துலதான் ஓடுது. வீட்டுக்குச் சொல்லலை. தினமும் காலையில குளிச்சு, சட்டை போட்டு, லேப்டாப் முன்னாடி உக்காந்து வீடியோ கால்ல அம்மாகிட்ட "ஆபீஸ்ல இருக்கேன்மா"ன்னு சொல்லுவான். இது எனக்குத் தெரியும். ஆனா துப்பாக்கியையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கலை. திருட்டுக்குப் பயந்து கேக்கிறான்னுதான் நினைச்சேன்.

எட்டு மாசம் கழிச்சு, அவன் கோயம்புத்தூர் திரும்பி வந்து வேற வேலையில சேர்ந்த பிறகு, ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னான்: "திருடனுக்காக மட்டும் இல்ல மச்சான். அந்த மாசம் நான் சரியா இல்ல."

நான் ஒண்ணும் பேசலை. டீ ஆறிப்போச்சு.

அமெரிக்காவில் வருஷா வருஷம் துப்பாக்கியால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைதான். செய்தியில் வரும் கூட்டக் கொலைகளால் இது நம் கண்ணில் படுவதில்லை. அந்த உச்சமான நேரம் பலருக்குச் சில நிமிஷத்திலோ சில மணி நேரத்திலோ கடந்துவிடும். அந்த நேரத்தில் கையில் என்ன இருக்கிறது என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

இதைத் துப்பாக்கிக் கடைக்காரர்களே உணர்ந்த ஒரு இடம் உண்டு. 2009-ல் நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தில், ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் தற்கொலை செய்துகொண்டார்கள். ஒருவருக்கொருவர் தொடர்பு இல்லை. மூன்று பேரும் பேக்ரவுண்ட் செக்கைத் தாண்டியவர்கள். சட்டப்படி கடை மேல் தப்பே இல்லை. ஆனாலும் அந்தக் கடை உரிமையாளர் பொதுச் சுகாதாரத் துறையில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசினார். அதிலிருந்து கடைகளுக்கு ஒரு வழிகாட்டி வந்தது: வாங்க வருகிறவர் கலங்கிப்போய் இருக்கிறாரா, துப்பாக்கியைப் பராமரிப்பது பற்றி எதுவுமே கேட்காமல் இன்றைக்கே வேண்டும் என்று அவசரப்படுகிறாரா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் விற்காதீர்கள். கடையில் ஹெல்ப்லைன் போஸ்டர் ஒட்டுங்கள். இது பிறகு வேறு மாநிலங்களுக்கும் பரவியது. துப்பாக்கிக்கு ஆதரவானவர்களும் எதிரானவர்களும் சேர்ந்து செய்த அபூர்வமான வேலை இது.

டல்லாஸ் கடைக்காரர் என் ரூம்மேட்டைத் திருப்பி அனுப்பினது இந்த மாதிரி யோசிச்சு இல்லை. அவர் பார்த்தது "லிமிடெட் டெர்ம்" என்ற ரெண்டு வார்த்தையைத்தான். ஆனாலும் அவர் பார்த்தார். வெப்சைட் பார்க்கலை, பார்க்கிங் லாட் பார்த்திருக்காது. கூடவே இருந்த நானும் பார்க்கலை.

சரி மக்களே, அங்கே போகிறவர்களுக்குச் சுருக்கமா. விசாவில் இருந்தால் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன், ரேஞ்சுக்குப் போவதற்கு முன், குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் கேளுங்கள். நான் வக்கீல் இல்லை. "பேப்பர் வேண்டாம், கேஷ் போதும்" என்று யார் சொன்னாலும் வேண்டாம் சொல்லுங்கள். அடுத்தவர் பெயரில் வாங்காதீர்கள். ரூம்மேட்டுக்கு வேலை போயிருந்தால், அவன் திடீரென்று இதைப் பற்றிப் பேசினால், விலையையும் மாடலையும் விட்டுட்டு, "நீ எப்படிடா இருக்கே?"ன்னு முதல்ல கேளுங்க. நான் கேட்கலை.

மனசு சரியில்லைன்னா அமெரிக்காவில் 988, இந்தியாவில் டெலி மனாஸ் 14416. ரெண்டும் இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பார்கள். 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த வாரம் லேசான விஷயம் ஒண்ணு எடுத்துட்டு வர்றேன். பை மக்களே.